முட்டைகோஸை வேகவெச்சா கார்ப் ஏறுமா? ரெண்டு வாரமா முள் நகரலை

புதுக்கணக்கு:
எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு மாசமா ஓரமா நின்னு படிச்சுட்டு இருந்தவன், இன்னைக்குத்தான் வாயத் திறக்கறேன்.

லோ கார்ப், அதாவது மாவுச்சத்தைக் குறைச்ச சாப்பாடு, ஆரம்பிச்சு மூணு வாரம் ஆச்சு. ஒரு நாளைக்கு 30 கிராம் நிகர மாவுச்சத்து (மொத்தத்துல நார்ச்சத்தைக் கழிச்சது)னு இலக்கு. முதல் வாரம் 2 கிலோ கடகடன்னு இறங்குச்சு. அதுக்கப்புறம் எடை மெஷின் முள் அடம்பிடிச்சு ஒரே இடத்துல நிக்குது. போதாக்குறைக்கு மலச்சிக்கல். நாலு நாளைக்கு ஒரு தடவைன்னு ஆயிடுச்சு. எழுதவே கூச்சமா இருக்கு, ஆனா வேற எங்க போய் கேக்கறது?

எனக்கு சந்தேகம் காய்கறி மேலதான், அதுலயும் முட்டைகோஸ் மேல. போன்ல வெச்சிருக்கற செயலியில பச்சைக் கோஸ் ஒரு கப் 5 கிராம்னு காட்டுது. அதே கோஸ் வேகவெச்சது ஒரு கப் 8 கிராம்னு காட்டுது. வேகவெச்சா மாவுச்சத்து எங்கிருந்து முளைக்குது? பயந்துபோய் கோஸை 150 கிராமோட நிறுத்திட்டேன். மத்த காயெல்லாம் கிட்டத்தட்ட விட்டாச்சு. இன்னும் குறைக்கணுமா, இல்ல கோஸையும் தலைமுழுகணுமா?

தராசுமுள்:
வேகவைத்தால் எதுவும் முளைக்காது. உங்களை ஏமாற்றியது கோஸ் இல்லை, கப்.

நறுக்கிய பச்சைக் கோஸ் ஒரு கப்பில் 89 கிராம்தான் பிடிக்கும், இடையில் முழுக்கக் காற்று. வெந்து துவண்டதும் அதே கப்பில் 150 கிராம் அமுங்கி உட்காரும். நீங்கள் ஒப்பிட்டது ஒன்றே முக்கால் பங்கு கோஸை ஒரு பங்கு கோஸோடு. 100 கிராமுக்குப் பார்த்தால் பச்சையில் மொத்த மாவுச்சத்து 5.8, நார்ச்சத்து 2.5, நிகரம் 3.3. வேகவைத்து வடித்ததில் மொத்தம் 5.5. எங்கே ஏறியது?

கப்பை விடுங்கள். அடுப்பில் ஏற்றும் முன், பச்சையாக, கிராமில் நிறுங்கள். அதற்கப்புறம் அது சுருங்கட்டும், கருகட்டும், கணக்கு மாறாது.

முதல் வாரம் இறங்கிய 2 கிலோவில் பெரும்பகுதி தண்ணீர். தசையிலும் ஈரலிலும் கிளைக்கோஜன் (உடம்பு சேர்த்து வைக்கும் சர்க்கரை) சேமிப்பு இருக்கும், அதன் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்தைக் குறைத்ததும் அது வடிந்துவிட்டது. அந்த வேகம் திரும்ப வராது, அதை எதிர்பார்த்து மனசைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு நாள் முழுக்க என்ன சாப்பிட்டீர்கள் என்று எழுதுங்கள். எல்லாவற்றையும். "சும்மா ரெண்டு" என்று வாயில் போட்டதையும்.

கரண்டிக்காரி:
தம்பி, கோஸை மட்டும் விட்டுடாதீங்க. நான் ஆறு வருஷமா இந்த சாப்பாட்டுலதான் இருக்கேன். வயிறு நிறையணும்னா கோஸை விட்டா எனக்குக் கதியில்லை. நூத்துக்குத் தொண்ணூத்திரண்டு பங்கு தண்ணி, 100 கிராமுக்கு 25 கலோரி. இதுக்குப் பயந்தா அப்புறம் எதைத்தான் திங்கறது?

நேத்து என்ன சாப்பிட்டீங்கன்னு முதல்ல எழுதுங்க. எனக்கு இப்பவே ஒரு சந்தேகம் இருக்கு, நீங்க எழுதினதும் சொல்றேன்.

புதுக்கணக்கு:
நேத்து:

காலையில 3 முட்டை ஆம்லெட், பெரிய வெங்காயம் ஒண்ணு பொடியா நறுக்கிப் போட்டு.
மத்தியானம் கோழி 200 கிராம். 150 கிராம் கோஸ், ஒரு கேரட் துருவி, கடையில வாங்கின சாலட் டிரெஸ்ஸிங் ஊத்தினது.
சாயங்காலம் பசி தாங்கலை, முந்திரி ரெண்டு கை.
ராத்திரி மீன் வறுவல், வெங்காயம் பாதி, தக்காளி ஒண்ணு.

செயலியில கோஸ், கேரட், தக்காளி, முட்டை, கறி, மீன் எல்லாம் ஏத்தியிருக்கேன். 13 கிராம்தான் காட்டுது, இன்னும் 17 கிராம் கையிருப்பு இருக்கு. அப்புறம் ஏன் நகரமாட்டேங்குது?

கரண்டிக்காரி:
பாத்தீங்களா! வெங்காயத்தை எழுதவே இல்லை. ருசிக்குப் போடறதுதானேன்னு விட்டிருப்பீங்க. முந்திரி எங்க? அந்த பாட்டில் எங்க?

தராசுமுள்:
முதலில் அந்த பாட்டிலைத் திருப்பி, பின்பக்கச் சீட்டில் ஒரு மேசைக்கரண்டிக்கு எவ்வளவு என்று பாருங்கள். எத்தனை கரண்டி ஊற்றினீர்கள் என்பதையும் உண்மையாகச் சொல்லுங்கள்.

புதுக்கணக்கு:
ஒரு கரண்டிக்கு 3 கிராம். அது முழுக்க சர்க்கரைதான்னு சின்ன எழுத்துல போட்டிருக்கு. நாலு கரண்டி ஊத்தியிருப்பேன். முந்திரியை இப்ப தராசுல வெச்சேன், என் ரெண்டு கை 60 கிராம் வருது. வெங்காயம் 150 கிராம்.

எனக்கு இப்பவே வயித்தைக் கலக்குது.

தராசுமுள்:
சரி, கூட்டுவோம். எல்லாம் நிகரக் கணக்கு, தோராயமாக.

வெங்காயம் 100 கிராமுக்கு 7.6. காலையில் 150, இரவில் 75, ஆக 225 கிராம். வெங்காயம் மட்டும் 17 கிராம். முந்திரி 100 கிராமுக்கு 27, உங்கள் 60 கிராமில் 16. பாட்டில் 12. கேரட் 60 கிராம் என்று வைத்தால் 4. தக்காளி 2.7, முட்டை மூன்றும் சேர்ந்து 1.

கோஸ் 150 கிராமுக்கு 5.

மொத்தம் 58. உங்கள் இலக்கின் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. நீங்கள் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய கோஸின் பங்கு பத்தில் ஒன்று கூட இல்லை.

புதுக்கணக்கு:
58ஆ!!! முந்திரி லோ கார்ப்னு எங்கயோ படிச்சேனே, அதான் எழுதவே இல்லை.

கரண்டிக்காரி:
கொட்டை எல்லாம் ஒண்ணு இல்லை தம்பி. முந்திரிதான் அந்தக் கூட்டத்துல மாவுப் பண்டம். பாதாம் 100 கிராமுக்கு நிகரம் 9, வால்நட் 7. அதையும் டப்பாவோட மடியில வெச்சுக்கிட்டு உக்காராதீங்க, கைக்குப் போற வேகம் கண்ணுக்குத் தெரியாது. 20 கிராம் கிண்ணத்துல எடுத்துட்டு, டப்பாவை மூடி, எட்டாத தட்டுல வெச்சுட்டு வந்து உக்காருங்க.

எதிர்க்காத்து:
நான் கொஞ்சம் மாத்தி சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. காய்கறியே தேவையில்லை. ஒன்றரை வருஷமா கறி, மீன், முட்டை, வெண்ணெய் மட்டும்தான். எனக்கு மலச்சிக்கலும் இல்லை, இந்தக் கூட்டல் கழித்தலும் இல்லை. நார்ச்சத்து இல்லாம குடல் நின்னுபோயிடும்ங்கறது கட்டுக்கதை. அதோட கோஸ் தைராய்டைக் கெடுக்கும், அதை யாரும் இங்க பேசவே மாட்டேங்கறீங்க.

கரண்டிக்காரி:
உங்க உடம்புக்கு ஒத்துப்போகுது, சந்தோஷம். அவரு கேட்டது காயை எப்படி சேர்க்கறதுன்னு. ஹோட்டல்ல சாப்பிட என்ன இருக்குன்னு கேட்டா, உபவாசம் இருன்னு சொல்ற மாதிரி இருக்கு உங்க பதில்.

தராசுமுள்:
தைராய்டு விஷயத்துக்குப் பதில் சொல்ல வேண்டும், அது காற்றில் கிளம்பிய வதந்தி இல்லை. 1928-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் வேறு ஒரு ஆய்வுக்காக முயல்கள் வளர்த்தார்கள். அவற்றுக்குத் தீனி பெரும்பாலும் முட்டைகோஸ். பல முயல்களுக்குக் கழுத்தில் கழலை வந்தது. கோஸுக்கும் தைராய்டுக்கும் முடிச்சு விழுந்தது அங்கேதான்.

காரணமும் தெரிந்ததே. கோஸ் குடும்பக் காய்களில் குளுகோசினோலேட் என்ற கந்தகச் சேர்மங்கள் உண்டு. நறுக்கும்போது, மெல்லும்போது இலையிலேயே இருக்கும் ஒரு நொதி அவற்றை உடைக்கிறது. உடைந்து வருவதில் சில, தைராய்டு சுரப்பி அயோடினை எடுத்துக்கொள்வதற்குக் குறுக்கே நிற்கும். ஆனால் வேகவைத்தால் அந்த நொதி செயலிழக்கும். உணவில் அயோடின் போதுமான அளவு இருக்கும் ஒருவர் தட்டில் ஒரு பங்கு கோஸ் வைத்துச் சாப்பிடுவதும், முயல் காலையிலிருந்து இரவு வரை கோஸையே மெல்வதும் ஒன்றில்லை. ஏற்கெனவே தைராய்டு குறைபாடு உள்ளவர்கள் பச்சைக் கோஸ் சாறு லிட்டர் கணக்கில் குடிக்காமல் இருந்தால் சரி. வதக்கிச் சாப்பிட யாரும் பயப்பட வேண்டியதில்லை.

எதிர்க்காத்து:
முயல் கதை எனக்குத் தெரியாது. சரி, அந்த ஒரு விஷயத்தை வாபஸ் வாங்கறேன். காய் தேவையில்லைங்கறதை வாங்கலை.

கடைசிபெஞ்ச்:
நடுவுல புகுந்து ஒரு கேள்வி. புளிக்க வெச்ச கோஸ் ஒரு பாட்டில் வாங்கினேன். ஐரோப்பாவுல இருந்து வந்த சரக்கு. சீட்டுல கார்ப் 1.5, நார்ச்சத்து 2.5னு இருக்கு. கழிச்சா மைனஸ் 1 வருது. அப்ப தின்னத் தின்ன அன்னைக்குத் தின்ன மத்ததோட கார்ப்பும் குறையுமா? அரைப் பாட்டிலை முடிச்சுட்டு ரொம்ப நம்பிக்கையா கேக்கறேன்.

தராசுமுள்:
சிரித்து முடித்துவிட்டு எழுதுகிறேன்.

அமெரிக்காவில் சீட்டிலும் அட்டவணையிலும் மாவுச்சத்து என்று போடுவது நார்ச்சத்தையும் சேர்த்து. அதனால் கழிக்க வேண்டும். ஐரோப்பியச் சீட்டில் நார்ச்சத்தை ஏற்கெனவே வெளியே எடுத்துத் தனி வரியில் போட்டிருப்பார்கள். அங்கே 1.5 என்றால் அதுதான் நிகரம். நீங்கள் இன்னொரு முறை கழித்தால் இல்லாத கடனை அடைக்கிற கதை. கழித்து மைனஸ் வந்ததால் உங்களுக்கு சந்தேகம் வந்தது, நல்ல காலம். பல பண்டங்களில் பிளஸ்ஸிலேயே நிற்கும், தப்பு கண்ணில் படாது. மாதக்கணக்கில் குறைத்துக் குறைத்து எழுதிக்கொண்டிருப்பார்கள்.

செயலிகளிலும் இதே கூத்து உண்டு. யாரோ ஒரு பயனர் ஐரோப்பியச் சீட்டைப் பார்த்து ஏற்றியிருப்பார், செயலி அதிலிருந்து நார்ச்சத்தை மறுபடி கழிக்கும். பச்சைக் கோஸுக்கு நிகரம் 3.3-ஐ ஒட்டி வராமல் 1 என்று காட்டினால் அந்தப் பதிவை நம்பாதீர்கள்.

புதுக்கணக்கு:
அப்ப நான் எந்தக் காயை எடுக்கலாம்? மண்ணுக்கு மேல வளர்றது சரி, மண்ணுக்குக் கீழ வளர்றது வேண்டாம்னு ஒரு விதி படிச்சேன். அது போதுமா?

கரண்டிக்காரி:
ஆரம்பத்துக்கு ஊன்றுகோல் மாதிரி வெச்சுக்கலாம். ஆனா அதையே பிடிச்சுத் தொங்கினா குழியில விழுவீங்க. முள்ளங்கி மண்ணுக்குள்ளதான் விளையுது, நிகரம் 2 கூட இல்லை. பட்டாணியும் சோளமும் மண்ணுக்கு மேலதான். பட்டாணி 9, சோளம் 16 வரும். பூசணி பந்தல்லதான் தொங்குது, 6 கிட்ட. உருளை 15, சர்க்கரைவள்ளி 17, அதெல்லாம் விதிப்படியே கீழ.

நான் பாக்கறது இதுதான்: இலையைத் தின்கிறோமா, விதையைத் தின்கிறோமா, கிழங்கைத் தின்கிறோமா? செடி சோறு கட்டி வைக்கற இடம் விதையும் கிழங்கும். இலை, தண்டு, பூ, பிஞ்சு எல்லாத்துலயும் கம்மி. பசலைக்கீரை 1.4, காளான் 2.3, சுக்கினி 2, காலிபிளவர் 3, வெள்ளரி 3, பச்சைக் குடைமிளகாய் 3, கத்திரி 3, புரோக்கோலி 4, வெண்டை 4, பீன்ஸ் 4. பாகற்காயில ஒரு கிராம் கூட தேறாது, ஆனா அதைத் தின்கற தைரியம் வேணும். சிவப்புக் குடைமிளகாய் பழுத்துட்டதால 4. சிவப்புக் கோஸ் 5.3, பச்சையை விடக் கொஞ்சம் ஏறும்.

கேரட், பீட்ரூட் ரெண்டும் 7 கிட்ட. துருவி ஒரு பிடி தூவினா குடி முழுகாது. கிண்ணம் நிறைய வேண்டாம்.

தராசுமுள்:
ஒரு பின்குறிப்பு. 1863-ல் லண்டனில் வில்லியம் பேன்டிங் என்ற சவப்பெட்டிக்காரர் தன் எடை குறைந்த கதையைச் சின்னப் பிரசுரமாக அச்சடித்து விநியோகித்தார். ரொட்டி, சர்க்கரை, பீர் எல்லாவற்றையும் தள்ளிவைத்தவர். அவர் தட்டிலும் காய்கறி இருந்தது, உருளைக்கிழங்கு தவிர எதுவானாலும் சரி என்பது அவர் விதி. செயலியும் தராசும் இல்லாமல் கரண்டிக்காரி அக்கா சொன்னதற்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டார்.

மருந்துச்சீட்டு:
மருந்துக்கடையில் நிற்கிறவன் நான். இந்த இழையை நிறையப் பேர் படிப்பீர்கள் என்பதால் சொல்லிவிட்டுப் போகிறேன்.

இன்சுலின் போடுகிறவர்கள், கிளிமிப்பிரைடு மாதிரி சர்க்கரை நோய் மாத்திரை எடுப்பவர்கள் மருந்தளவை அப்படியே வைத்துக்கொண்டு மாவுச்சத்தை மட்டும் வெட்டினால் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை நோய் மாத்திரைகளை எடுப்பவர்களுக்கு வேறு ஆபத்து. சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே ரத்தத்தில் அமிலம் கூடும் கீட்டோஅசிடோசிஸ் வர வாய்ப்பு இருக்கிறது. இரண்டு வகைக்காரர்களும் உணவை மாற்றும் முன்பே மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

அடுத்தது வார்ஃபரின். ரத்தம் உறையாமல் இருக்க இதை எடுப்பவர்களுக்குக் கீரையும் கோஸும் விஷயமே. கோஸில் 100 கிராமுக்கு வைட்டமின் கே 76 மைக்ரோகிராம், பசலையில் அதைப்போல் ஆறு மடங்குக்கும் மேல். சாப்பிடவே கூடாது என்று இல்லை. ஒரு வாரம் கட்டுக்கட்டாக, அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை என்று ஏற்றி இறக்கக் கூடாது. அளவு நிலையாக இருந்தால் மருந்தை அதற்கேற்ப வைத்துவிடுவார்கள்.

சிறுநீரகக் கல் வந்தவர்கள் பசலையைக் குறைத்துக் கோஸுக்கு வரலாம். கல் உருவாகக் காரணமாகும் ஆக்சலேட் பசலையில் மிக அதிகம், கோஸில் குறைவு.

ஓரமாநின்னவ:
மருந்துச்சீட்டு அண்ணா, ரொம்ப நன்றி. எங்கப்பா வார்ஃபரின்லதான் இருக்கார். போன வாரம்தான் அவருக்கும் சேத்து ஒரு கட்டு கீரை ஏத்திவிட்டேன். நாளைக்கே மருத்துவமனைக்குப் போன் பண்றேன்.

புதுக்கணக்கு:
நாலு நாள் கழிச்சு வர்றேன். வெங்காயத்தைக் குறைச்சாச்சு, முந்திரி கிடையாது, பாட்டில் கிடையாது. ஒரே அடியா ஒரு நாளைக்கு அரைக்கிலோ கோஸ்னு இறங்கிட்டேன். இப்ப வயிறு பறை மாதிரி உப்பி நிக்குது. ஆபீஸ் மீட்டிங்ல நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வதக்கினா வேற ஒரே ஈரம், ஒரு மாதிரி வாடை. வீட்டுல யாரும் பக்கத்துல வரமாட்டேங்கறாங்க.

எதிர்க்காத்து:
நான் ஒண்ணுமே சொல்லலை.

கரண்டிக்காரி:
நீங்க சிரிக்கறது இங்க வரைக்கும் கேக்குது.

தம்பி, யாரு உங்களை ஒரே நாள்ல அரைக்கிலோவுக்குப் போகச் சொன்னது? கோஸ்ல ராஃபினோஸ்னு ஒரு சர்க்கரை இருக்கு, அதை நம்ம குடலால செரிக்க முடியாது. அது பெருங்குடல் வரைக்கும் முழுசா போய் அங்க இருக்கற கிருமிங்களுக்கு விருந்தாகுது. அதுங்க தின்னா காத்து வரத்தான் செய்யும். மூணு வாரமா பட்டினி கிடந்த கூட்டத்துக்குத் திடீர்னு கல்யாணப் பந்தி போட்டா இப்படித்தான். 100 கிராம்ல ஆரம்பிங்க, ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவை 50 ஏத்துங்க. பச்சையா வேண்டாம், நல்லா வதக்கி. தண்ணி குடிங்க, உப்பையும் ரொம்பக் குறைக்காதீங்க. ரத்த அழுத்தம் இருந்தா மட்டும் உப்பு விஷயத்தை மருத்துவர்கிட்ட கேட்டுக்குங்க. மாவுச்சத்து குறையும்போது உடம்பு தண்ணியையும் உப்பையும் சேர்த்துத் தள்ளும். உங்க மலச்சிக்கல்ல பாதி அதனாலயும் இருக்கலாம்.

இப்ப வாடைக்கு வர்றேன். நீங்க வதக்கலை, அவிச்சிருக்கீங்க. சட்டி சின்னது, கோஸ் மலை மாதிரி, மேல மூடி. சரியா?

புதுக்கணக்கு:
அக்கா, சமையல்கட்டுல கேமரா வெச்சிருக்கீங்களா?

கரண்டிக்காரி:
ஆறு வருஷம் நானும் அதைத்தானே பண்ணேன். கோஸை மூடிபோட்டு ரொம்ப நேரம் வேகவிட்டா கந்தக வாடை கிளம்பும். நேரம் ஆக ஆகக் கூடும். ஒண்ணு சட்டுனு முடிக்கணும், இல்ல சூடு ஏத்திக் கருக்கணும். நடுவுல கிடந்தா நாறும்.

நான் பண்றதை அப்படியே சொல்றேன். கோஸை நாலா வெட்டி, விரல் மடக்கிப் பிடிச்சு, தீக்குச்சி கனத்துக்கு சீவறேன். அதுல அரை டீஸ்பூன் உப்பு போட்டுப் பிசறி கால் மணி நேரம் அப்படியே விடறேன். திரும்பி வந்து பாத்தா கிண்ணத்தடியில தண்ணி நிக்கும், இழை வளையும், ஒடியாது. ரெண்டு கையாலயும் அள்ளித் துணி பிழியற மாதிரி பிழியறேன். அகலமான இரும்புச் சட்டி, எண்ணெய் லேசா புகையற வரைக்கும் சூடு. கோஸைப் போட்டா "சுர்ர்"னு கத்தணும். கத்தலைன்னா சூடு போதலை. போட்டதும் கிண்டாதீங்க. ஒரு நிமிஷம் கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க. அடியில ஓரம் பழுப்பாகும், வாடை மாறி கொட்டை வறுத்த வாசனை வரும். அப்ப ஒரு புரட்டு. இன்னொரு நிமிஷம். இறக்கும்போது வெண்ணெய் ஒரு கரண்டி, எலுமிச்சை நாலு சொட்டு. மூடியை அலமாரியில பூட்டி வெச்சுடுங்க.

300 கிராம் சீவினா குண்டான் நிறையத் தெரியும், இறக்கும்போது ஒரு கிண்ணம்தான். நிகரம் அதே 10 கிராம்தான், உங்க தராசுமுள் சொன்ன கணக்கு.

தராசுமுள்:
வெண்ணெய் சுவைக்கு மட்டும் இல்லை. வைட்டமின் கே கொழுப்பில் கரைவது, கூடவே கொழுப்பு இருந்தால்தான் உடம்பு சரியாக எடுத்துக்கொள்ளும். கோஸில் வைட்டமின் சி-யும் 100 கிராமுக்கு 37 மில்லிகிராம் கிட்ட இருக்கிறது. அது தண்ணீரில் கரைவது, சூட்டிலும் போவது. வேகவைத்த தண்ணீரைக் கொட்டினால் அதோடு போய்விடும். அக்கா பிழிந்து ஊற்றுகிற தண்ணீரிலும் கொஞ்சம் போகும், ஆனால் அந்த ருசிக்கு முன்னால் நான் வாயைத் திறக்கப் போவதில்லை.

கரண்டிக்காரி:
இன்னொண்ணு. அடுப்புக்கு முன்னாடி நிக்க நேரமில்லைன்னா ஓவன்ல 200 டிகிரி. கோஸை ஆறு துண்டா, ஆப்பு மாதிரி வெட்டுங்க. நடுத்தண்டோட ஒரு பகுதி ஒவ்வொரு துண்டுலயும் ஒட்டிக்கிட்டு இருக்கணும், இல்லைன்னா இலை இலையா பிரிஞ்சு கருகிடும். எண்ணெய் தடவி, அரைமணி கிட்ட, நடுவுல ஒரு தடவை திருப்பிவிட்டு. வெளி இலை மொறுமொறுன்னும் உள்ள வெண்ணெய் மாதிரியும் வரும்.

சிவப்புக் கோஸ் சமைக்கறவங்க முதல்லயே எலுமிச்சையோ வினிகரோ விடணும். புளிப்பு இல்லாம வதக்கினா மை கொட்டின மாதிரி நீலமாயிடும். உடம்புக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா அந்தக் கலரை ஒருத்தனும் தட்டுல வாங்கமாட்டான்.

கடைசிபெஞ்ச்:
என் பாட்டில் தீரப்போகுது. புளிச்ச கோஸ் வீட்டுலயே போட முடியுமா? கடை சரக்கு கட்டுப்படி ஆகலை.

உப்புச்சாடி:
இந்த ஒரு கேள்விக்காகத்தான் காத்துட்டு இருந்தேன்.

கோஸ் 1 கிலோ, உப்பு 20 கிராம், அதாவது எடையில 2 சதவீதம். கைகணக்கு வேண்டாம், நிறுத்துப் போடுங்க. சீவி, உப்பு போட்டு, பத்து நிமிஷம் நல்லா கசக்கினா அதுவே தண்ணி விடும். சுத்தமான கண்ணாடி ஜாடியில காத்து இல்லாம குத்தி அமுக்கி, கோஸ் முழுக்க அந்தத் தண்ணிக்குள்ள முங்கற மாதிரி மேல ஒரு கனம் வைங்க. தண்ணிக்கு வெளிய நீட்டற இலையிலதான் பூசணம் வரும். மூடியை இறுக்கவேண்டாம், காத்து வெளியேறணும். 20 டிகிரி கிட்ட இருக்கற மூலையில ஒரு வாரத்துல இருந்து நாலு வாரம், புளிப்பு எவ்வளவு வேணுமோ அவ்வளவு. சூடான ஊர்னா சீக்கிரம் புளிக்கும், மூணாம் நாளே ருசி பாருங்க.

இலையில இருக்கற லாக்டிக் பாக்டீரியாதான் வேலை பாக்குது, வெளியில இருந்து எதுவும் சேர்க்கவேண்டாம். கோஸோட சர்க்கரையை அதுங்க தின்னு அமிலமாக்கிடும், அதான் நிகரம் 100 கிராமுக்கு ஒன்றரை கிட்ட இறங்கிடுது. உப்புதான் கவனிக்கணும். கடை சரக்குல 100 கிராமுக்கு 650 மில்லிகிராம் சோடியம் சாதாரணம். ரத்த அழுத்தக்காரங்க ஊறுகாய் மாதிரி தொட்டுக்கலாம், சோறு மாதிரி அள்ளிப் போடவேண்டாம்.

ஒரு பழைய கதை. இங்கிலாந்துக் கடலோடி கேப்டன் ஜேம்ஸ் குக் 1768-ல கப்பல் ஏறினப்ப, வைட்டமின் சி குறைஞ்சா வர்ற ஸ்கர்வி நோய் வராம இருக்கப் பீப்பாய் பீப்பாயா புளிச்ச கோஸ் ஏத்திட்டுப் போனார். மாலுமிங்க மூக்கைப் பிடிச்சுட்டு ஒதுங்கினாங்க. அவரு கட்டாயப்படுத்தலை. அதிகாரிங்க மேஜையில தினமும் வைக்கச் சொன்னார், மத்தவங்க வேணும்னா எடுக்கலாம், இல்லைன்னா விடலாம்னுட்டார். பெரியவங்க திங்கறதைப் பாத்ததும் கீழ இருக்கறவங்க கேட்டு வாங்க ஆரம்பிச்சு, கடைசியில அளவு வெச்சுக் குடுக்கவேண்டியதாப் போச்சு. இதை அவரே நாட்குறிப்புல எழுதி வெச்சிருக்கார். புதுக்கணக்கு, உங்க வீட்டுலயும் இந்த வித்தையை முயற்சி பண்ணிப் பாருங்க.

புதுக்கணக்கு:
ரெண்டு வாரம் கழிச்சு வந்து சொல்றேன்னு போனவன், பத்து நாள்லயே வந்துட்டேன்.

நேத்துக் கணக்கு, இந்தத் தடவை பச்சையா நிறுத்து எழுதினது. கோஸ் 300, பசலை 150, வெள்ளரி, குடைமிளகாய், தக்காளி தலா 100, வெங்காயம் 30. காய் மட்டும் முக்கால் கிலோவுக்கு மேல, நிகரம் 23. முட்டை 3, பாதாம் 20 கிராம், டிரெஸ்ஸிங்குக்குப் பதிலா கெட்டித் தயிர் 50 கிராம்ல எலுமிச்சையும் மிளகும் கலந்தது. எல்லாம் சேத்து 29. கறி, மீனைத் தனியா சொல்லத் தேவையில்லை.

முன்னாடி தட்டுல காய் 500 கிராமுக்குக் கொஞ்சம் மேல, மாவுச்சத்து 58. இப்ப காய் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு, மாவுச்சத்து பாதி. இதை நானே ரெண்டு தடவை கூட்டிப் பாத்துட்டேன்.

வயிறு ஒரு வாரத்துல அடங்கிடுச்சு. 100-ல ஆரம்பிச்சு ஏத்தினேன், அக்கா சொன்ன மாதிரி. காலைக்கடன் ஒழுங்கா நடக்குது, அதுக்கு மேல விவரம் வேண்டாம். எடை 900 கிராம் இறங்கியிருக்கு. தண்ணியா இருக்கும்னு தராசுமுள் சொல்லுவார், சொல்லட்டும். சாயங்காலம் ஆறு மணிப் பசிதான் நின்னுபோச்சு, எனக்கு அதுவே பெருசு.

தராசுமுள்:
சொல்ல மாட்டேன். ஒரு மாதச் சராசரியைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

எதிர்க்காத்து:
நல்லா இருங்க. முக்கால் கிலோ இலையை மென்னு முடிக்க எத்தனை மணி நேரம் ஆகுதுன்னு மட்டும் சொல்லுங்க.

புதுக்கணக்கு:
வதக்கினா ஒரு கிண்ணம்தான் சார், பத்து நிமிஷம். நம்பலைன்னா கப்புல அளந்து பாருங்க 😄

அக்கா, கடைசியா ஒண்ணு. சட்டி "சுர்ர்"னு கத்துது, ஓரம் பழுப்பாகுது, வாடை இல்லை. வீட்டுல இப்ப ரெண்டு பேர் பங்கு கேக்கறாங்க. ஆனா அந்த நடுத்தண்டு, வெள்ளையா கட்டியா இருக்கே, அதைத் தூக்கித்தான் போடணுமா? தினம் ஒரு பிடி குப்பைக்குப் போகுது, மனசு கேக்கலை.

கரண்டிக்காரி:
ஐயோ, அதைப் போய் குப்பையில போடறீங்களா! வெளித்தோலை மட்டும் கத்தியால சீவி எடுத்துட்டு, உள்ள இருக்கறதைக் காசு மாதிரி வட்டமா மெல்லிசா நறுக்கிப் பச்சையா கடிங்க. இலையை விட இனிப்பா இருக்கும். நான் அதை ஒரு நாளும் சட்டியில போட்டதே இல்லை. சீவிக்கிட்டு இருக்கும்போதே தின்னு தீர்த்துடுவேன்.

தராசுமுள்:
அதையும் நிறுத்து எழுதுங்கள்.